ஒஃபிசீனா என்றால் கார் பட்டறை என்று நினைத்திருந்தேன்

சாவோ பாவுலோவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மாநகராட்சி நூலகம் ஒன்று இருக்கிறது. 2023 பிப்ரவரியில் இங்கே வந்து இறங்கியதிலிருந்து ஐந்து மாதம், காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அதன் கண்ணாடிக் கதவைக் கடந்துதான் போவேன். கதவில் மாதாமாதம் புதுத் தாள் ஒட்டுவார்கள். பெரிய எழுத்தில் ‘ஒஃபிசீனா’, கீழே ‘15 வாகாஸ்’. ஒஃபிசீனா என்றால் கார் பழுது பார்க்கும் பட்டறை என்பதை எங்கள் தெரு மெக்கானிக் கடையின் பலகையைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். வாகா என்றால் வண்டி நிறுத்தும் இடம். எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் எண் போட்டு எழுதியிருக்கும். ஆக, இங்கே ஏதோ பட்டறை இருக்கிறது, பதினைந்து வண்டி நிறுத்தலாம் என்று நினைத்துப் போய்விடுவேன். அதே ஐந்து மாதத்தில் மொழி கற்பதற்கென்று மூவாயிரத்துச் சொச்சம் ரெயால் (பிரேசில் பணம்) தொலைத்தேன். ஒஃபிசீனா என்பதற்குப் பயிலரங்கு என்றும் பொருள், வாகா என்பது அதில் சேர்வதற்கான இடம், எல்லாமே இலவசம் என்று தெரிந்த நாளில் நூலக வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். கணவர் அல்லது மனைவியின் வேலை மாற்றலால் பிரேசிலுக்கு வரப்போகும் ஒருவருக்காவது இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வந்த புதிதில் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வருவார். அவருடைய அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடும். வெளியே தெருவில் ஓடாது. கடை, மருந்தகம், பேருந்து, எதிர்வீடு எங்கும் போர்ச்சுகீசியம் மட்டும்தான். சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டும்போதெல்லாம் அந்தப் பெண் ஒரே கேள்வி கேட்பாள்: “சே பே எஃபி நா நோட்டா?” என்ன கேட்கிறாள் என்று தெரியாமல் ஒரு நாள் தலையாட்டுவேன், ஒரு நாள் வேண்டாம் என்று கையசைப்பேன். சே பே எஃபி என்பது இங்கே எல்லோருக்கும் இருக்கும் வரிப் பதிவு எண். அதை ரசீதில் போடட்டுமா என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். அது தெரியாமல் இரண்டு மாதம் அந்தக் கடைக்குப் போகவே நெஞ்சு படபடத்தது. ஊரில் கணக்கு ஆசிரியையாக வகுப்பையே அடக்கி வைத்திருந்தவள், இங்கே ஒரு கிலோ தக்காளி வாங்கப் பயந்தேன். அம்மா போனில் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பேன். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போவேன்.

மார்ச்சில் ஒரு தனியார் மொழிப் பள்ளியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஒரு மணி நேர மாதிரி வகுப்பு அருமையாக இருந்தது: எட்டுப் பேர், சிரித்த முகமாக ஓர் ஆசிரியை. அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஒப்பந்த இணைப்பு வந்தது. பன்னிரண்டு மாதம், மாதம் 420 ரெயால், சேர்க்கைக் கட்டணம் 200, புத்தகங்களுக்கு 780. கைபேசியிலேயே கையெழுத்துப் போட்டேன். உண்மையான வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். பாடம் பாதி நேரம் ஆங்கிலத்தில் நடந்தது. இது எனக்குச் சரிவராது என்று ஐந்தாம் நாளே மனதுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கட்டிய பணம் வீணாகுமே என்று நான்கு மாதம் போனேன். வினைச்சொல்லின் எல்லா வடிவங்களையும் தாளில் எழுத வந்தது. கடைக்காரப் பெண் கேட்பது மட்டும் புரியவில்லை. ஜூன் கடைசியில் விலகியபோது மீதி எட்டு மாதத் தொகையில் 20 சதவீதம், அதாவது 672 ரெயால், அபராதம் என்றார்கள். கட்டினேன். மொத்தம் 3,332 ரெயால். அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 55,000 ரூபாய்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். பிரேசிலின் 1990ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 49ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. இணையத்திலோ தொலைபேசியிலோ, அதாவது கடைக்கு நேரில் போகாமல், செய்த ஒப்பந்தத்தை ஏழு நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் விட்டுவிடலாம். கட்டிய பணத்தை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். ஐந்தாம் நாள் என் மனது சொன்னதைக் கேட்டிருந்தால் என் கையை விட்டு ஒரு ரெயால் போயிருக்காது. இதைச் சொல்லிக் கொடுத்தவர் பின்னாளில் ஒரு பயிலரங்கில் என் பக்கத்தில் மாவு பிசைந்த பெண்மணி. தகராறு வந்தால் ‘ப்ரோக்கோன்’ என்ற அரசு நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுக்கலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். வந்த முதல் மூன்று மாதத்தில் ஆண்டு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மொழி தெரியாத பயத்தில் இருக்கும்போது யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

பள்ளியோடு சேர்த்து, வாரம் ஒருமுறை ஒரு மதுக்கூடத்தில் நடக்கும் ‘மொழிப் பரிமாற்றக்’ கூட்டத்துக்கும் ஆறு வியாழன் போனேன். வாடகைக் கார் போக வர 70 ரெயால் என்று 420 ரெயால் அதிலும் போனது. வந்திருந்த பிரேசில் இளைஞர்கள் தங்கள் ஆங்கிலத்தைத் தீட்டிக்கொள்ள வந்தவர்கள். என் திக்கல் போர்ச்சுகீசியத்தைக் கேட்கும் பொறுமை அவர்களுக்கு ஏன் இருக்கப்போகிறது? அவர்கள் மீது குறை சொல்லவில்லை. ஆங்கிலத்துக்குத் தப்பிப் போக வழியுள்ள இடத்தில் போர்ச்சுகீசியம் வளராது என்பதைத்தான் சொல்கிறேன்.

இதற்கிடையில் ஒரு பேக்கரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாக இருந்தாலும். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, ஏலம் எல்லாம் போர்ச்சுகீசியத்திலிருந்து நமக்கு வந்த சொற்கள் என்று படித்திருப்பீர்கள். இங்கே சாவியை ‘ஷாவி’ என்றும் மேசையை ‘மேசா’ என்றும் சொல்வதைக் கேட்டபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில், பாவ் பாஜியில் வரும் ‘பாவ்’தானே ரொட்டி என்று பேக்கரியில் ஐந்து ‘பாவ்’ கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரொட்டி என்பது மூக்கில் போய் முடிய வேண்டிய சொல், ‘பாவ்ங்’ மாதிரி. இலங்கைத் தமிழர் பாண் என்கிறார்களே, மூக்கொலி அதில்தான் கொஞ்சம் தங்கியிருக்கிறது. மூக்கில்லாமல் சொன்னால் அது தடி. பேச்சு வழக்கில் ஆணுறுப்புக்கும் அதுதான் சொல். வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்த பிறகு அந்தத் தெருப்பக்கமே மூன்று வாரம் போகவில்லை. நான்கு மாதம் இலக்கணம் நடத்திய பள்ளி இந்த ஒரு மூக்கொலியை உட்கார வைத்துப் பழக்கவில்லையே என்று இன்றும் வருத்தம் இருக்கிறது. தமிழர்கள் முதலில் பிடிக்க வேண்டியது இந்த ஒலியைத்தான்.

ஜூலையில் ஒரு நாள் எங்கள் கட்டடத்து வாயில்காப்பாளர், நான் நூலகக் கதவருகே நின்று மழைக்கு ஒதுங்கியதைப் பார்த்துவிட்டு, அங்கே சமையல் கற்கப் போகிறீர்களா என்று சைகையோடு கேட்டார். தாளைக் காட்டினார். ‘பாவ்ங் ஜி கேய்ஜு’ செய்யும் பயிலரங்கு, சனிக்கிழமை, இலவசம். உள்ளே கூட்டிக்கொண்டு போய் என் பெயரை அவரே எழுதிக் கொடுத்தார். அழுதேன் என்றேனே, அது அன்றைக்குத்தான்.

பாவ்ங் ஜி கேய்ஜு என்றால் பாலாடைக்கட்டி ரொட்டி. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துப் பண்டம். நாடு முழுக்கக் காலையில் காப்பியோடு தின்பார்கள். கோதுமை கிடையாது, ஈஸ்ட் கிடையாது. கொதிக்கும் பாலையும் எண்ணெயையும் ‘பொவில்யு’ என்ற வெள்ளை மாவின் மேல் ஊற்றிக் கிளறினார்கள். அந்த ஆவி முகத்தில் அடித்த நொடியில் எனக்கு ஆத்தூர் வந்துவிட்டது. எங்கள் ஊர் ஜவ்வரிசி ஆலைகளின் பக்கம் போனால் அடிக்கும் அதே புளித்த வாடை. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். காலணி போட்டு நடந்தால் மணல் கிரீச்சிடுமே, அப்படி ஒரு சத்தம். மரவள்ளி மாவு! பிரேசிலில் பிறந்து போர்ச்சுகீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்த கிழங்கு, சேலத்துக்காரிக்கு முன்னால் கிண்ணத்தில் இருந்தது. தெரிந்த நாலு சொல்லை வைத்து, “என் ஊர். இந்த மாவு. நிறைய ஆலை” என்றேன். பதினான்கு பேரும் கையில் மாவோடு திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கேள்விகள்தான். அங்கே இதை என்னவென்று சொல்வீர்கள்? எப்படிச் சாப்பிடுவீர்கள்? இங்கே மாண்டியோக்கா என்போம், ரியோவில் அய்ப்பிங், வடகிழக்கில் மக்கஷேரா என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அரை மணி நேரம் பேசினேன். வினைச்சொல் எல்லாம் தப்பு. ஒருவரும் திருத்தவில்லை, ஒருவரும் ஆங்கிலத்துக்கு மாறவும் இல்லை; அங்கே யாருக்கும் ஆங்கிலம் தெரியாது.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். இங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டரில் உள்ள பிரசிகாபா ஊர்க்காரர். எல்லோரும் ‘தோனா’ என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அவர் கதவைச் சாத்தச் சொன்னபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். கதவுக்கு ‘போர்த்தா’ என்பார்கள். அவர் ‘போழ்த்தா’ என்றார். இறைச்சி ‘காழ்னி’. நம்முடைய ழ, அச்சு அசல் ழ! சாவோ பாவுலோ மாநிலத்தின் உட்பகுதிக் கிராமத்துப் பேச்சில் இந்த ஒலி வாழ்கிறது. நகரத்தில் சிலர் அதைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று கிண்டல் செய்வதும் உண்டு. அதனால் அவர் வெளியிடங்களில் கொஞ்சம் அடக்கிப் பேசுவாராம். எங்கள் மொழியின் பெயரிலேயே இந்த எழுத்து இருக்கிறது என்று சொல்லி, ‘தமிழ்’ என்று சொல்லிக் காட்டினேன். அவர் ஒரே தடவையில் பிசிறில்லாமல் திருப்பிச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அவர் பேசுவதுதான் முதலில் புரிந்த போர்ச்சுகீசியம். சனிக்கிழமைக்காக வாரம் முழுக்கக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

இவற்றை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். மாநகராட்சி நூலகங்கள், ‘காசா ஜி குல்த்துரா’ எனப்படும் பண்பாட்டு இல்லங்கள், வெர்கேய்ரு மெட்ரோ நிலையத்தை ஒட்டிய சாவோ பாவுலோ பண்பாட்டு மையம், இவற்றின் அறிவிப்புப் பலகைகளை நேரில் போய்ப் பாருங்கள். அடுத்து செஸ்க். 1946இல் தொடங்கிய பண்பாட்டு, பொழுதுபோக்கு அமைப்பு இது. வணிக நிறுவனங்கள் சம்பளக் கணக்கில் கட்டும் தொகையில் நடக்கிறது. வேலையில் இல்லாதவர்களும் போகலாம், பல நிகழ்ச்சிகள் இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். பழைய பீப்பாய்த் தொழிற்சாலையை லீனா போ பார்தி என்ற கட்டடக்கலைஞர் மாற்றி அமைத்து 1982இல் திறந்த செஸ்க் பொம்பேயா மையத்தைப் பார்க்கவாவது போங்கள்; செங்கல் சுவர்களுக்கு நடுவே சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கும் தாத்தாக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே காது பழகும். பதிவு திறக்கும் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு அந்த மணிக்கே உட்கார வேண்டும், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவுக்கெல்லாம் அந்த சே பே எஃபி எண் கேட்பார்கள், ஆகவே ஊர் வந்ததும் முதலில் அதை வாங்குங்கள். முறையான வகுப்பும் வேண்டும் என்றால், ‘போர்த்தாஸ் அபெர்த்தாஸ்’ என்று, திறந்த கதவுகள் என்ற பெயரில், 2017 முதல் மாநகராட்சிப் பள்ளிகளில் குடியேறியவர்களுக்கு இலவசப் போர்ச்சுகீசிய வகுப்பு நடக்கிறது. நான் கடைசியில் அதில்தான் சேர்ந்தேன். இலக்கணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை காதில் விழுந்ததைச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் விளக்கும்போதுதான் இலக்கணம் எனக்கு ஒட்டியது.

பயிலரங்கைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று மட்டும் பாருங்கள்: கைக்கு வேலை இருக்க வேண்டும். மேடையில் ஒருவர் பேச நாம் கேட்பது போன்ற கூட்டங்களில் நான் இரண்டு மணி நேரம் ஊமையாக உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். மாவு பிசையும்போதும் துணி தைக்கும்போதும் அதை எடு, இதை ஊற்று, இன்னும் கொஞ்சம், போதும் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். புரியாவிட்டாலும் பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்துவிடலாம். அந்த ரொட்டிச் சொல் எனக்குச் சரியானது எங்கே தெரியுமா? கப்பொய்ரா பயிற்சியில். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் உருவாக்கிய ஆட்டம் அது. 1890ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் அதை ஆடினாலே சிறை. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, முழங்கால் வேறு வலிக்கும். ஆசிரியர் நிமிடத்துக்கு ஒருமுறை “மாவ்ங் நு ஷாவ்ங்!” என்று கத்துவார். கை தரையில். இரண்டும் அதே மூக்கொலி. பிறகு வட்டமாக நின்று கை தட்டி, அவர் ஒரு வரி பாட நாங்கள் பதில் வரி பாட வேண்டும், நம் ஊர்க் கும்மி மாதிரி. ஐம்பது தடவை பாடினால் வெட்கம் போய்விடுகிறது, நாக்கும் பழகிவிடுகிறது. செப்டம்பரில் அதே பேக்கரிக்குப் போய் ஐந்து ரொட்டி கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பழக்கவழக்கத்திலும் சில அடிகள் பட்டேன். முதல் மாதமே ஒருத்தி “வாமுஸ் மர்கார்!” என்றாள், ஒரு நாள் பார்ப்போம் என்று. நான் நிஜமாகவே வடை மாவு அரைத்துவைத்து அவள் அழைப்புக்காக இரண்டு சனி, ஞாயிறு காத்திருந்தேன். அது அன்பாகச் சொல்லும் விடைபெறுதல். நாளும் மணியும் குறித்தால்தான் அழைப்பு. மனதுக்குள் அவளைக் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தது என் தவறு. சைவமாக இருப்பவர்களுக்கு இன்னொன்று: “செங் காழ்னி”, இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியோ பன்றித் துண்டோ போட்டுக் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் பேச்சில் அந்தச் சொல் பெரும்பாலும் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். கோழி, மீன், பன்றி மூன்றையும் தனித்தனியாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அவரைக்காய்ப் பருப்பு மாதிரி இருக்கும் ஃபெய்ஜாவ்ங்கிலும் கொழுப்புத் துண்டு கிடக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்ததும் கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள். கூச்சமாக இருந்தால் முதலிலேயே கையை நீட்டிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

சான்றிதழ் விஷயத்தில் கவனம். பயிலரங்குகளில் கொடுக்கும் தாள் நினைவுக்கு வைத்துக்கொள்ளத்தான். என் பழைய மொழிப் பள்ளி தன் சான்றிதழ் எங்கும் செல்லும் என்று சொல்லித்தான் சேர்த்தது. வெளிநாட்டவரின் போர்ச்சுகீசியத் தேர்ச்சிக்குப் பிரேசில் அரசு ஏற்கும் தேர்வு செல்பி-பிராஸ். அதில் இருபது நிமிடம் நேருக்கு நேர் உரையாட வேண்டும். படங்களும் சின்னச் சின்னச் செய்திகளும் காட்டிப் பேச வைப்பார்கள். அதற்குப் புத்தகத்தை விட அந்தச் சனிக்கிழமைகள்தான் எனக்குத் தைரியம் கொடுத்திருக்கின்றன. இன்னும் எழுதவில்லை, எழுதப்போகிறேன். தொலைபேசியில் பேசுவது மட்டும் இன்றும் கஷ்டம். முகம் தெரியாமல் வேகமாகப் பேசினால் பாதி விட்டுப்போகிறது.

2024 ஜூனில் சாவ்ங் ஜோவாவ்ங் எனப்படும் புனித யோவான் திருவிழாவுக்கான கூட்டு நடனத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒத்திகைக்காக நூலகத்துக்குப் போனபோது கதவருகே பொலிவியாவிலிருந்து வந்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் எல்லா ஆவணங்களும் அடுக்கி. புதுத் தாளைக் காட்டி, யாரிடம் பேச வேண்டும் என்று ஸ்பானிஷ் கலந்து கேட்டார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் புரிந்தது: ஸ்பானிஷில் ஒஃபிசீனா என்றால் அலுவலகம். வாகா என்ற சொல் இங்கே காலிப் பணியிடத்துக்கும் வழங்கும். பதினைந்து பேருக்கு வேலை இருக்கிறது என்று நினைத்து வந்திருக்கிறார். இது வேலை இல்லை, வகுப்பு, காசு வேண்டாம் என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, உள்ளே பதினான்கு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவருக்குத் தையல் கடை இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம், முதலில் வந்து ஒரு காப்பி குடியுங்கள் என்றேன். எல்லாம் போர்ச்சுகீசியத்தில்தான் சொன்னேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.